நிலத்தில் தொடங்குங்கள்: சேலம் வட்டாரத்தில் தொலைந்துபோன ரயில்பாதைகளையும் எஞ்சின்களையும் தேட முழுமையான வழிகாட்டி

காட்டு மரம் ஏற்றிய பழைய ரயில் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எஞ்சின் இப்போ எங்கே?" என்பதுதான். தேடலை அங்கே தொடங்கினால் அது பெரும்பாலும் காயலான்கடையோடு நின்றுவிடும். எஞ்சின் கைமாறும், எண் மாறும், பாய்லர் ஓர் ஊருக்கும் சக்கரம் இன்னோர் ஊருக்கும் போகும். பாதை ஓடிய நிலம் எங்கும் போகாது. அதற்கு ஒரு சர்வே எண் உண்டு. அதைக் கையகப்படுத்திய கோப்பு உண்டு. அந்தக் கோப்பில் யாருக்காக எடுக்கப்பட்டது என்ற விவரம் உண்டு. அந்த விவரம் கையில் வந்த பிறகுதான் எஞ்சினுக்குப் போகும் கதவு திறக்கும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

முதலில், எந்த வகைப் பாதை?

நீராவி எஞ்சின் மரம் இழுத்த பெரிய காட்டு ரயில் என்றால் தென்னிந்தியாவில் கொச்சி சமஸ்தானத்தின் காட்டு டிராம்வேயைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும். பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கி.மீ., மீட்டர்கேஜ் (கேஜ் என்பது இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம்), 1907 முதல் ஓட்டம். எஞ்சின்கள் பெர்லினின் ஓரென்ஸ்டைன் – கோப்பல் கம்பெனியினுடையவை. மலையிறக்கத்தில் எஞ்சின் இறங்கவில்லை. கம்பிவடத்தில் கட்டிய சரிவுப்பாதையில் மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும்போது அதன் எடையே காலி வண்டியை மேலே இழுத்தது.

பழைய சேலம் மாவட்டத்தின் கதை வேறு. 1860-களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வழியாக மேற்கே சென்ற சென்னை ரயில்வேக்கு ஸ்லீப்பர் கட்டை வேண்டும், எஞ்சினில் எரிக்க விறகும் வேண்டும். இங்கே மலைக்காட்டின் மரம் ரயிலில் ஏறுவதற்கு முன்பே ரயிலுக்காக விழத் தொடங்கிவிட்டது. சென்னை மாகாண வனத்துறை 1856-இல் கிளெக்ஹார்ன் தலைமையில் உருவான காலமும் ஏறத்தாழ இதுதான். ஆகவே சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளின் மரக்கணக்கைத் தேடுகிறவர் ரயில்வே கோப்புகளையும் புரட்ட வேண்டும். ரயிலைத் தேடுகிறவர் வனத்துறைக் கோப்புகளையும் புரட்ட வேண்டும்.

இந்த வட்டாரத்தில் முழுப் பாதையே மறைந்துபோன உதாரணங்கள் இரண்டு: 1905-இல் திறந்த திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதை, 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும், 1913-இல் அங்கிருந்து ஓசூருக்கும் போன பாதை. இரண்டும் 762 மி.மீ. கேஜ். மொரப்பூர் – ஓசூர் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டுத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. இவை மரரயில்கள் அல்ல; பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுபோகத் திட்டமிட்டவை. ஆனால் தேடும் முறையைப் பழகிக்கொள்ள இவற்றைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பேப்பரும் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது, சேலத்திலிருந்து காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடலாம். பரம்பிக்குளத்துக்கு அதற்கப்புறம் போகலாம்.

வருவாய்த்துறை ஆவணங்கள்

தண்டவாளம் பெயர்த்த பிறகும் நில வரைபடத்தில் பாதை அழியாமல் கிடக்கும். கிராம வரைபடத்தை விரித்தால் வயல்கள் சதுரமும் கோணலுமாக இருக்கும். அவற்றுக்கு நடுவே 10 முதல் 30 மீட்டர் அகலத்தில், நீளமாக, மெதுவாக வளைந்துபோகும் ஒற்றைச் சர்வே எண் தெரிந்தால் நிறுத்திப் பாருங்கள். அது ஓடையாக இருந்தால் கரைகள் ஒழுங்கற்று நெளியும். வண்டிப்பாதையாக இருந்தால் வயல் மூலைகளில் சட்டென்று திரும்பும். ரயில் நிலத்தின் இரு கரையும் இணையாகவே போகும். ஸ்டேஷன் இருந்த இடத்தில் மட்டும் வயிறு பெருத்ததுபோல் அகன்று மறுபடி சுருங்கும்.

அந்த எண்ணுக்கு, கிராம நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். "ரயில்வே புறம்போக்கு" என்றே இருந்தால் வேலை பாதி முடிந்தது. பாதி இடங்களில் அது வண்டிப்பாதை, சாலை, தரிசு என்று மாறியிருக்கும். அப்போது பழைய ரீ-செட்டில்மென்ட் (மறு நிலவரித் திட்ட) பதிவேடு வேண்டும். புலப்பட (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகலையும் 'அ' பதிவேட்டு விவரத்தையும் அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். பழைய பதிவேடுகளுக்கு வட்டாட்சியர் அலுவலகம், அங்கே இல்லையென்றால் ஆட்சியர் அலுவலக ஆவணக் காப்பறை. கிராம நிர்வாக அலுவலரிடம் "ரயில் வரலாறு" என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.

இரண்டு கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். பழைய புலப்படத்தில் அளவு சங்கிலியிலும் லிங்கிலும் இருக்கும்: 1 சங்கிலி 66 அடி, அதாவது 20.12 மீட்டர், 100 லிங்க் சேர்ந்தது ஒரு சங்கிலி. வருவாய்க் கோப்புகளில் ஆண்டு பசலியில் இருக்கும்: பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1315 என்றால் 1905 ஜூலை முதல் 1906 ஜூன் வரை. கோப்பில் வெறும் "1315" என்று பார்த்துவிட்டுக் குழம்பி மூடிவைத்தவர்கள் நிறைய.

மாவட்ட எல்லை மாறியதும் பலரைத் தடுமாற வைக்கும். தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி 2004-இல்தான் தனி மாவட்டம். ஓசூர்ப் பாதையின் தொடக்கக் கோப்பு "சேலம் ஜில்லா" என்ற தலைப்பில் இருக்கும். 1883-இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்ட மேனுவலும் 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியரும் இந்தப் பழைய எல்லையை வைத்தே எழுதப்பட்டவை. முதல் நூல் இந்தச் சிறுரயில்களுக்கு முந்தியது. அதில் காடும் சென்னை ரயில்வேயும்தான் கிடைக்கும்.

சர்வே ஆஃப் இந்தியா தாளும் வானத்துப் படமும்

நிலப்படத் தாள் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஏற்காடு 58 ஐ/1, சேலம் நகரம் 58 ஐ/2, மொரப்பூர் 57 எல்/8, தர்மபுரி 57 எல்/4. பாதை உயிரோடு இருந்த காலத்தின் ஓர் அங்குலம்–ஒரு மைல் தாள், அதாவது 1:63,360 அளவு, கிடைத்தால் அதுவே தங்கம். பின்னாளில் வந்த 1:50,000 தாளில் கரை மட்டும் கோடாக நிற்கலாம், அல்லது சாலையாக மாறியிருக்கலாம். பழைய தாளை ஸ்கேன் செய்து இன்றைய படத்தின்மேல் பொருத்தும்போது குறைந்தது ஆறு பொதுப்புள்ளிகளாவது எடுங்கள். கோயில் கோபுரம், மெயின் லைன் பாலம், ஏரிக்கரையின் முனை போன்றவை நகராதவை. ஆற்று வளைவையும் சாலைச் சந்திப்பையும் நம்பக் கூடாது.

செயற்கைக்கோள் படத்தை மாசி முதல் சித்திரை வரையிலான வறண்ட மாதங்களில் எடுத்ததாகத் தேர்ந்தெடுங்கள். மழைக்குப் பின் எல்லாம் பச்சை, கரை தெரியாது. இன்றைய படத்தில் வீட்டுமனை மறைத்திருந்தால் 1960-களில் அமெரிக்கா எடுத்து, 1995-இல் ரகசியம் நீக்கிய கொரோனா உளவுப் படங்களைத் தேடுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் தளத்தில், ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம். தண்டவாளம் போய்விட்டிருந்தாலும் உழவு ஏறாத கரை அதில் கோடு போட்டதுபோல் கிடக்கும்.

களத்தில்

வேண்டியவை: 30 மீட்டர் டேப், 20 மீட்டர் நைலான் கயிறு, 30 செ.மீ. அளவுகோல், வரைபடத்தாள், மென்மையான பென்சில், ஜிபிஎஸ் பதியும் போன், கம்பி பிரஷ், தண்ணீர். பாம்புக்குத் தடிமனான பூட்ஸ். காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. சேலத்தின் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பகுதி குத்தகை நிலம். கைவிட்ட குழிகளின் விளிம்பு சரியும். கிடைத்த எந்த இரும்பையும் எடுத்துக்கொண்டு வரவே வேண்டாம். ரயில்வே சொத்தாக இருந்தால் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

மலைப்பகுதியில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் ஒரே வகை: எஸ்டேட் ரோட்டை ரயில்பாதை என்று முடிவுகட்டுவது. அதைத் தவிர்க்க இரண்டு அளவுகள் போதும்.

ஒன்று, ஏற்றம். 100 மீட்டர் நடந்து உயர வித்தியாசத்தை அளந்து பாருங்கள். சாதாரண எஞ்சின் ஓடும் சிறுபாதையில் 2 முதல் 3 மீட்டருக்கு மேல் ஏறினால் சந்தேகப்படுங்கள். 5 மீட்டர் ஏறினால் அது வண்டிப்பாதை. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டைஊசி வளைவு மாதிரி ஒன்றைப் பார்த்தால் ரயிலை மறந்துவிடலாம். போன் காட்டும் உயரத்தை மட்டும் நம்பாமல், போகும்போதும் வரும்போதும் எடுத்துச் சராசரி பாருங்கள்.

இரண்டு, வளைவு. பாதையின் வெளி ஓரத்தில் 20 மீட்டர் கயிற்றை நேராக இழுத்துக் கட்டுங்கள். கயிற்றின் நடுவிலிருந்து ஓரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளங்கள். கயிற்று நீளத்தின் வர்க்கத்தை, விலகலின் எட்டு மடங்கால் வகுத்தால் வளைவின் ஆரம் ஏறத்தாழ வந்துவிடும். விலகல் 50 செ.மீ. என்றால் 400-ஐ 4-ஆல் வகுக்க, 100 மீட்டர். மூன்று இடத்தில் அளந்து மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் அது யாரோ கருவி வைத்துப் போட்ட வளைவு. வண்டிமாடு போட்ட வளைவு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாகத்தான் இருக்கும்.

மலைச்சரிவை ஒட்டிப் போகும் வாய்க்காலும் ஏமாற்றும். வாய்க்கால் தொடர்ந்து ஒரே பக்கம் இறங்கும், பள்ளம் வந்தால் சுற்றிப் போகும். ரயில்பாதை மேட்டை வெட்டி, அந்த மண்ணாலேயே அடுத்த பள்ளத்தை நிரப்பி நேராகப் போகப் பார்க்கும். நேராக, செங்குத்தாக, வளைவே இல்லாமல் இறங்கும் வெட்டு ஒன்று இருந்தால் அது கம்பிவடச் சரிவாக இருக்கலாம். அதன் உச்சியில் பிரேக் உருளைக்கான கல் அல்லது செங்கல் அடித்தளம், நடுவழியில் இரு வண்டி விலகிப்போக அகன்ற இடம், இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அது மரம் உருட்டிவிட்ட சறுக்கு. ஆனைமலையின் டாப்ஸ்லிப்புக்குப் பெயர் கொடுத்ததே அப்படிப்பட்ட சறுக்குதான்.

சிறுபாலங்களை விடாமல் பாருங்கள். இரும்பு உத்திரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அது உட்கார்ந்த கல் அங்கேயே இருக்கும். கல்லில் போல்ட் துளைகள் இருந்தால் அவற்றின் நடு இடைவெளியைக் குறியுங்கள். கரையில் செம்மண்ணுக்குச் சம்பந்தமில்லாத உடைத்த ஜல்லி, ஸ்டேஷன் இருந்த இடத்தில் கண்ணாடிபோல் மின்னும் கருஞ்சாம்பல் கட்டி, இந்த இரண்டும் எந்த வாய்மொழியையும்விட உறுதியான சாட்சி.

இரும்பு பேசும்

பெயர்த்த தண்டவாளம் வட்டாரத்தைவிட்டு முழுக்கப் போவதில்லை. பழைய பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கும் துண்டு, மாட்டுத்தொழுவத்தின் உத்திரம், வேலிக்கம்பம், கிணற்று ராட்டினக்கால், கோயில் மண்டபத் தூண். இவற்றில் தேடுங்கள். கம்பி பிரஷால் மெதுவாகத் துடைத்து, தண்டவாளத்தின் இடைத்தகட்டைப் பாருங்கள். உருட்டிய ஆலையின் பெயர், ஆண்டு, மாதம், கஜத்துக்கு இத்தனை பவுண்டு என்ற எடை ஆகியவை புடைப்பெழுத்தில் இருக்கும். மாதத்தைச் சில ஆலைகள் ரோமன் எண்ணிலும் சில வெறும் கோடுகளாகவும் போட்டன. வெளிச்சம் பக்கவாட்டில் விழும் மாலை நேரத்தில் படம் எடுத்தால் எழுத்து துல்லியமாக வரும். சுண்ணாம்பு தடவினால் இன்னும் நன்று. பெயின்ட் வேண்டாம்.

எழுத்து தேய்ந்துபோயிருந்தால் எடையைக் கணக்கிடலாம். தண்டவாளத்தின் முனையில் வரைபடத்தாளை அழுத்திப் பென்சிலால் உருவை எடுத்து, சதுர சென்டிமீட்டர்களை எண்ணுங்கள். அதை 0.785-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு இத்தனை கிலோ. பிறகு இரண்டால் பெருக்கினால் கஜத்துக்குப் பவுண்டு ஏறத்தாழ வரும். 19 சதுர செ.மீ. என்றால் 15 கிலோ, அதாவது 30 பவுண்டுத் தண்டவாளம். சிறு எஞ்சின் ஓடிய பாதைக்கு நியாயமான எடை. 9 சதுர செ.மீ. என்றால் 14 பவுண்டு. இதில் எஞ்சின் ஓடியது என்பவரை நம்பாதீர்கள், கையால் தள்ளிய ட்ராலிக்குத்தான் அது சரி. 60 பவுண்டுக்கு மேல் வந்தால் மெயின் லைனில் கழித்துப்போட்டதை யாரோ ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள்.

புடைப்பெழுத்தில் உள்ள ஆண்டு ஆலையில் உருட்டிய ஆண்டு, பாதை போட்ட ஆண்டு கிடையாது. பழைய தண்டவாளம் இரண்டு மூன்று பாதைகளில் கிடந்துவிட்டு வருவது சர்வசாதாரணம். 1906 பாதையில் 1880-களின் துண்டு கிடைத்தால் ஆச்சரியமில்லை. 1920-இன் துண்டு கிடைத்தால் அது பழுதுக்குப் போட்டது.

கேஜை எப்போதும் தண்டவாளத் தலைகளின் உள்முகத்துக்கு இடையே அளக்க வேண்டும். தண்டவாளம் இல்லாமல் சக்கரஜோடி மட்டும் கிடைத்தால் சக்கரங்களின் உட்புறத்திலிருந்து உட்புறத்துக்கு அளங்கள்: சுமார் 1600 மி.மீ. என்றால் அகலப்பாதை, 930 என்றால் மீட்டர்கேஜ், 700 என்றால் 762 மி.மீ. கேஜ். 600-க்கும் 610-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் முன்னது ஐரோப்பியக் கண்டத்துப் பழக்கம், பின்னது ஆங்கிலேயரின் இரண்டடி. தேய்ந்த பாதையில் இந்த 10 மி.மீ.யை வைத்து முடிவுகட்ட முடியாது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணக் காப்பகம்

சேலம் ரயில்வே கோட்டம் 2007-இல்தான் உருவானது. பழங்கதைக்கு அங்கே போய்க் காத்திருக்க வேண்டாம். போக வேண்டிய இடம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பொதுப்பணித்துறையின் ரயில்வே பிரிவு, வருவாய்த்துறை, வனத்துறை என மூன்று அட்டவணைகளையும் பாருங்கள். நிலம் கையகப்படுத்திய ஆண்டு உங்கள் கையில் இருப்பதால் பத்தாண்டு அட்டவணையைப் புரட்ட வேண்டியதில்லை. முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு போதும். கோப்பைக் கேட்க அரசாணை எண், துறை, தேதி மூன்றும் வேண்டும். நிலம் எடுத்த அரசாணையின் தொடக்கத்தில் "படிக்க" என்று முந்தைய கடித எண்கள் இருக்கும். அவற்றைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள்.

கம்பெனிப் பெயரில் ஒரு பொறி உண்டு. 1908-இன் தொடக்கத்தில் சென்னை ரயில்வே பிரிக்கப்பட்டு, ஜோலார்பேட்டைக்கு மேற்கே சேலம் வழியாகப் போகும் பாதை தென்னிந்திய ரயில்வேயிடம் போனது. 1951-இல் அதுவும் தெற்கு ரயில்வேயில் கலந்தது. ஒரே எஞ்சின் மூன்று பெயரில், மூன்று எண்ணில் வரும். மூன்றையும் மூன்று எஞ்சின் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது எஞ்சின்

கம்பெனி, கேஜ், ஆண்டு மூன்றும் கையில் இருந்தால் தயாரிப்பாளரின் பட்டியலுக்குப் போகலாம். அதில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஆலை எண், ஆண்டு, சக்கர அமைப்பு, சிலிண்டர் விட்டம், கேஜ், முதலில் வாங்கியவர் பெயர் இருக்கும். வாங்கியவர் இடத்தில் பலநேரம் முகவரின் பெயர்தான் இருக்கும், பாதையின் பெயர் இருக்காது. ஆகவே கேஜும் ஆண்டும் பொருந்துகிற எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் கழியுங்கள். ஆலை மூடிப்போனாலும் காகிதம் வேறு கைக்குப் போயிருக்கும். கெர் ஸ்டுவர்ட், அவன்சைடு போன்றவற்றின் உரிமை 1930-களில் லீட்ஸின் ஹன்ஸ்லெட் கம்பெனிக்குப் போனது.

எஞ்சினோ அதன் உறுப்போ நேரில் கிடைத்தால் அதில் முதலில் காணாமல்போகிற பொருள், தயாரிப்பாளர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. அது இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆலை எண்ணை இணைப்புத் தண்டு, பிஸ்டன் தண்டின் தலை, சிலிண்டர் மூடி, அச்சின் முனை ஆகியவற்றிலும் உளியால் அடித்திருப்பார்கள். கிரீஸையும் மண்ணையும் துடைத்து எல்லா எண்களையும் எழுதுங்கள். வேறு வேறு எண் வருவது வழக்கம். பட்டறையில் ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாட்டியிருப்பார்கள். அதிகமாக வரும் எண், அதிலும் சட்டகத்தில் உள்ள எண், அதுவே எஞ்சினின் எண். சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் முழு அங்குலத்தில் அமைந்தால் ஆங்கில, அமெரிக்க ஆலைகளின் பக்கம் தேடுங்கள். 10 மி.மீ.யின் மடங்காக வந்தால் ஜெர்மானியப் பக்கம்.

பாய்லரைத் தனியாகத் தேடுங்கள். பாதை மூடியதும் எஞ்சினின் மற்ற பாகம் இரும்பு விலைக்குப் போகும். பாய்லர் நல்ல நிலையில் இருந்தால் அரிசி ஆலைக்கோ காப்பிக்கொட்டை பதப்படுத்தும் ஆலைக்கோ போய் இன்னும் பல காலம் நீராவி தரும். ஆலையில் வைத்த பாய்லரை அன்று 1923-ஆம் ஆண்டுப் பாய்லர் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியிருந்தது. பதிவெண்ணை பாய்லரிலேயே அடித்திருப்பார்கள். பதிவேட்டில் தயாரிப்பாளர், ஆண்டு, முந்தைய விவரம் கிடைக்க வாய்ப்புண்டு. தகர உறை போட்ட பழைய ஆலைப் பாய்லரின் முன்பகுதி வட்டமாகவும் பின்பகுதி பெட்டிபோலவும் இருந்தால், அது எஞ்சினிலிருந்து வந்திருக்கலாம்.

பழைய புகைப்படம் மட்டுமே இருந்தால் கேஜை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நேர்முகப் படத்தில் தண்டவாளத் தலைகளின் இடைவெளி 762 மி.மீ. என்று கொண்டு எஞ்சினின் உயரம், அகலம் இரண்டையும் கணக்கிடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் இது பலிக்காது.

பெரியவர்களிடம் கேட்பது

போர்க்காலத்தில் பெயர்த்த பாதையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இன்று வயது 90-ஐத் தாண்டியிருக்கும். மற்றவர்கள் கேட்டதைச் சொல்பவர்கள். "தாத்தா, இங்கே ரயில் ஓடுச்சாமே?" என்று கேட்டால், வந்தவர் மனம் கோணாமல் "ஆமாம்ப்பா" என்றுதான் சொல்வார்கள். "உங்க தொழுவத்து உத்திரம் எங்கேயிருந்து வந்துச்சுங்க? யார் ஏலத்துல எடுத்தாங்க?" என்று கேளுங்கள். ஆண்டைக் கேட்க வேண்டாம். மேட்டூர் அணை கட்டியதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அணை வேலை 1925 முதல் 1934 வரை நடந்தது, இந்தப் பக்கத்தில் அதைவிடத் தெளிவான எல்லைக்கல் கிடையாது. தமிழ் ஆண்டுப் பெயர் சொன்னால் 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதை நினைவில் வையுங்கள்.

எழுதி வைப்பது

நடந்த பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எதை வைத்து நிச்சயித்தோம் என்று எழுதுங்கள்: சர்வே எண்ணா, கரையா, சிறுபாலமா, வெறும் வாய்மொழியா. வாய்மொழி மட்டும் உள்ள துண்டைப் புள்ளிக்கோடாகவே வரையுங்கள். இரண்டு தனித்தனிச் சாட்சிகள் ஒத்துப்போனால் முழுக்கோடு. தண்டவாளத் துண்டுகளின் இடத்தைப் பொதுவில் போடும்போது துல்லியமான ஜிபிஎஸ் எண்ணைக் கொடுக்காதீர்கள், கிராமத்தின் பெயரோடு நிறுத்துங்கள். இரும்புக்கு இன்றும் கிலோ கணக்கில் விலை இருக்கிறது.